சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

(கோவையில் சிறுதொழில் முனைவோர் கூட்டம் ஒன்றுக்காக எழுதப்பட்ட சொற்பொழிவு)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, வரவேற்புரை நல்கிய செயலாளர் அவர்களே, அலுவல்களுக்கு இடையே நமக்காக நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாவட்டத் தொழில் மைய அதிகாரிகளே, பொறியியல் கல்லூரி முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, இடம் கொடுத்து உபசரிக்கும் கல்யாண மண்டபத்து உரிமையாளர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், சூலூர் விமானப் படைத் தளத்திலும் அரக்கோணம் கடற்படை விமானத் தளத்திலும் பணியாற்றி ஓய்வுபெற்ற முன்னாள் வீரர்களே, பீளமேட்டிலிருந்தும் கணபதியிலிருந்தும் லேத்தை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பட்டறை முதலாளிகளே, தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைவர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளுக்கும், செயலாளர் அவர்கள் போர்த்திய கைத்தறிச் சால்வைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு, “குறைந்த நிதியில் பழைய போர்க்கப்பல்களையும் விமானங்களையும் மாற்றுவது எப்படி” என்பது. இதில் ஐந்து செய்திகள் உண்டு. பழைய கப்பலை வாங்கிப் புதுப்பிப்பது ஒன்று. புதிதாகக் கட்டுவது இரண்டு. இருக்கும் விமானத்தை உதிரிபாகம் போட்டு ஓட்டுவது மூன்று. ஆளில்லா விமானங்கள் நான்கு. ஏற்றுமதி ஐந்து. ஐந்துக்கும் பொதுவாக நம் பாட்டிமார் ஒரு வரி சொல்லி வைத்திருக்கிறார்கள்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

முதலில் கஜானாவைப் பார்ப்போம். 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு 6 லட்சத்து 81 ஆயிரம் கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். கேட்க மலைப்பாக இருக்கும். அதில் ஓய்வூதியம் மட்டும் ஏறத்தாழ 1 லட்சத்து 61 ஆயிரம் கோடி. அது நாம் பட்ட கடன். குறைக்கச் சொல்ல எவருக்கும் வாய் வரக் கூடாது, முன்வரிசையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன். புதிய தளவாடம் வாங்குவது உள்ளிட்ட மூலதனச் செலவுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி. அதிலும் பெரும்பகுதி, முன்பே கையெழுத்திட்ட ஒப்பந்தங்களின் தவணைக்குப் போய்விடும். அந்த ஆண்டு புதிதாக ஒன்று வாங்க மிஞ்சியது சிறிய பங்கு.

தேவை எப்படி இருக்கிறது? 1963-ல் வந்த மிக்-21 போர் விமானம், 62 ஆண்டு உழைத்துவிட்டு 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. விமானப் படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் விமானப் படைப்பிரிவுகள் 42. அன்றைய தினத்தோடு மிஞ்சியவை 29. கடலில் இன்னும் மோசம். கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள் 12 இருந்தன, சோவியத் நாட்டில் கட்டியவை. ஒவ்வொன்றாக ஓய்வுபெற்று, கடைசிக் கப்பலான ஐ.என்.எஸ். கோழிக்கோடு 2019 ஏப்ரலில் கொடி இறக்கியது. மாற்றாகப் புதுக் கப்பல்கள் கட்டும் திட்டம் பல ஆண்டு பேசப்பட்டு 2018-ல் கைவிடப்பட்டிருந்தது. இவ்வளவு நீளக் கடற்கரைக்கு அந்த வகைக் கப்பல் ஒன்றுகூட இல்லாமல் போனது. மாற்று வரும் முன் பழையது போய்விட்டால் கப்பல் மட்டும் போவதில்லை. அதை இயக்கத் தெரிந்த கைகளும் கலைந்துவிடுகின்றன.

இப்போது முதல் செய்தி. சற்று விரிவாகவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் பாட்டி சொன்ன வரிக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

அட்மிரல் கோர்ஷ்கோவ் என்று ஒரு விமானந்தாங்கிக் கப்பல். 1987-ல் பாகு என்ற பெயரோடு சோவியத் கடற்படையில் சேர்ந்தது. 1994-ல் அதன் பாய்லர் அறையில் வெடிப்பு ஏற்பட்டது. 1996-ல் பணியிலிருந்து விலக்கினார்கள். நம்மிடமிருந்த விமானந்தாங்கியான விராட், 1959-ல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த கிழவி. மாற்று வேண்டும், பணம் இல்லை. ரஷ்யா சொன்னது: கப்பலைச் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள், பழுதுபார்க்கும் செலவையும் விமானங்களின் விலையையும் மட்டும் கொடுங்கள். சந்தையில் சுண்டைக்காயை இனாமாகக் கொடுக்கிறேன் என்றால் யார் வேண்டாமென்பார்கள்? 2004 ஜனவரியில் ஒப்பந்தம் ஆயிற்று. புதுப்பிக்க 97 கோடியே 40 லட்சம் டாலர். 2008-ல் கப்பல் கைக்கு வரும் என்றார்கள்.

கப்பல் பிறந்தது உக்ரைனில், கருங்கடலுக்கு அருகே மிக்கோலாயிவ் துறையில். புதுப்பிக்கக் கொண்டுபோன இடமோ வடக்கே செவரோத்வின்ஸ்க். அது நீர்மூழ்கி கட்டுவதில் பேர்போன துறை. விமானந்தாங்கி கட்டிய பழக்கம் அதற்கில்லை. வேலையைத் தொடங்கிப் பிரித்துப் பார்த்தால், முதல் மதிப்பீட்டில் எழுதாத வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. 2,500 அறைகளில் 1,750 அறைகளை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. புதிதாக இழுத்த மின்கேபிள் மட்டும் 2,300 கிலோமீட்டர்! கன்னியாகுமரியிலிருந்து டெல்லி வரை வான்வழியே போகிற தூரம் அது, ஐயா! விலை ஏறிற்று, பேச்சுவார்த்தை நீண்டது, 2010-ல் 235 கோடி டாலர் அளவில் முடிந்தது. முதலில் சொன்னதில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

கதை அங்கேயும் முடியவில்லை. 2012-ல் கடலோட்டம் விட்டார்கள். எட்டுப் பாய்லர். முழு வேகம் கொடுத்ததும் ஏழு பாய்லரில் கோளாறு. காரணத்தை இங்குள்ள ஃபவுண்டரிக்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். பாய்லருக்கு வெப்பக் காப்பாக வைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் உடல்நலத்துக்குக் கேடு என்று நம் தரப்பு மறுத்தது, அது நியாயம். அதன் இடத்தில் தீச்செங்கல் வைத்துக் கட்டினார்கள். உச்ச வெப்பத்தில் அந்தக் காப்பு தாங்கவில்லை. நம் ஊர் உலையில் லைனிங் செங்கல் பிளந்தால் என்ன செய்வோம்? உலையை ஆறவிட்டு, இடித்து, மறுபடி கட்டி, மெதுவாகச் சூடேற்றுவோம். அங்கும் அதுதான். ஆனால் அது ஒரு கப்பலின் வயிற்றுக்குள் நடந்தது, ஓராண்டு போயிற்று. 2013 நவம்பர் 16 அன்றுதான் விக்கிரமாதித்யா என்ற பெயரோடு நம் கொடி ஏறியது. கப்பல் இனாம், சுமைகூலி 235 கோடி டாலர். கப்பல் இன்று நம் கடலைக் காக்கிறது, அதில் எனக்குப் பெருமையே. எனினும் கணக்கு கணக்குதான்.

பழைய கப்பலில் ஏன் இப்படி நடக்கிறது? உலர்துறையில் ஏற்றி, அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் தடிமன் பார்ப்பார்கள். ஆனால் வெளியிலிருந்து எட்டும் இடத்தில்தான் பார்க்க முடியும். துரு தின்னும் இடங்களோ வேறு: அடித்தளத்தில் எண்ணெயும் உப்புநீரும் தேங்கும் பில்ஜ், பாய்லருக்குக் கீழே, கழிவறைத் தரைக்கு அடியில், கடல்நீர் உறிஞ்சும் வாயில். குழாயையும் கேபிளையும் அகற்றினால்தான் அவை தெரியும். தேய்ந்த தகட்டின்மேல் புதுத் தகட்டைப் பற்றவைத்தால் பழைய விளிம்பு வெப்பத்தில் இளகி ஓட்டை விழும். ஆகவே நல்ல தகடு கிடைக்கும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். முதலில் திறந்து பார்ப்பதற்கு மட்டும் தனி ஒப்பந்தம், முழுதும் பார்த்த பிறகே விலை ஒப்பந்தம் என்று வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

இரண்டாவது, புதிதாகக் கட்டுவது. கொச்சியில் கட்டிய விமானந்தாங்கி விக்ராந்த் 2022 செப்டம்பர் 2 அன்று சேர்ந்தது, ஏறக்குறைய 20,000 கோடி ரூபாய். தொடக்கத்தில் போர்க்கப்பல் எஃகு வெளிநாட்டிலிருந்து வருவது தடைப்பட்டதால், ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும் செயில் என்ற அரசு உருக்கு நிறுவனமும் சேர்ந்து டி.எம்.ஆர். 249 என்ற எஃகை இங்கேயே வார்த்தெடுத்தன. அதற்குப் பின் வந்த கப்பல்களுக்கும் அது பயன்படுகிறது. தாமதம் உண்டு, செலவு உண்டு. ஆனால் சுமைகூலி நம் ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. இதைப் பற்றி இன்னும் பேசலாம், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

மூன்றாவது செய்திக்கு வருகிறேன். உங்களையெல்லாம் அழைத்ததே இதற்காகத்தான்.

சூலூரில் நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் போர் விமானம் நிற்கிறது. நம் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும் விமானம். 2021 பிப்ரவரியில் தேஜஸ் மார்க்-1ஏ 83 விமானங்களுக்கு ஆர்டர் போட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்துக்கு அதற்கான 99 எஃப்-404 இன்ஜின்களுக்கு ஆர்டர். முதல் இன்ஜின் வந்தது 2025 மார்ச்சில். ஏன்? அதற்கு முன் 65 இன்ஜின்களைக் கொடுத்து முடித்ததும், அடுத்த ஆர்டர் இல்லாததால் 2016-ல் அந்த உற்பத்தி வரிசையை மூடிவிட்டார்கள். மறுபடி தொடங்குவதென்றால் உதிரிபாகம் கொடுத்த நூற்றுக்கணக்கான பட்டறைகளை மறுபடி கூட்ட வேண்டும். அச்சு, பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஜிக், சோதனைச் சான்று எல்லாம் மறுபடி. அமெரிக்காவிலேயே இப்படியென்றால், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மூன்று பீஸ் ஆர்டர் வாங்கும் கணபதிப் பட்டறையின் கதி என்ன?

ஜாகுவார் போர் விமானத்தைப் பாருங்கள். பிரான்ஸ், ஓமான், பிரிட்டன் நாடுகள் ஓய்வு கொடுத்த ஜாகுவார் உடல்களை உதிரிபாகத்துக்காகக் கேட்டு வாங்கினோம். பிரான்ஸ் இனாமாகவே தர முன்வந்தது, கப்பல் கூலி நம்முடையது. நான் மறுபடி பழமொழியைச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே சொல்கிறீர்கள்! ஏ.என்.-32 சரக்கு விமானங்களைப் புதுப்பிக்க 2009-ல் உக்ரைனோடு ஒப்பந்தம் போட்டோம். சில விமானங்கள் அங்கே போய் வந்தன, மீதியைக் கான்பூரில் செய்வதாக ஏற்பாடு. 2014-ல் உக்ரைனில் சண்டை வந்தது, பாகங்கள் வருவது தடைப்பட்டது.

இதற்கு நேர்மாறாக அரக்கோணம். 1988-ல் நம்மிடம் வந்த எட்டு சோவியத் டி.யு.-142 விமானங்கள், பிற்பாடு அங்கிருந்து கடலைக் காவல் காத்தன. ஒவ்வொன்றிலும் நான்கு இன்ஜின், ஒவ்வொரு இன்ஜினிலும் எதிரெதிராகச் சுற்றும் இரட்டை விசிறி. கம்பீரமான விமானம். ஆனால் அந்த இன்ஜினின் பாகம் வேறெந்தக் கடையிலும் கிடைக்காது. 2017 மார்ச்சில் விடைகொடுத்தார்கள். அதன் இடத்துக்கு வந்த பி-8ஐ, நாம் சென்னைக்கும் டெல்லிக்கும் ஏறிப் போகிற போயிங் 737-ன் உடன்பிறப்பு. இன்ஜின் குடும்பமும் அதே. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் பறப்பதால் பாகமும் மெக்கானிக்கும் கிடைப்பார்கள். கையில் பணம் குறைவாக இருப்பவன் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: இதே பாகத்தை வேறு எத்தனை பேர் வாங்குகிறார்கள்?

அப்படிப் பொதுவில் கிடைக்காத பாகங்களை நாம் செய்ய முடியுமா? முடியும். ஆனால் லேத்தில் திருகி அனுப்புகிற வேலை என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். ஹைட்ராலிக் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ரிங்கைக் கழற்றிக் கொடுத்து “இதே மாதிரி” என்பார்கள். அதை அளந்து, ரப்பரை வார்க்கும் அச்சான டை வெட்டினால் தோல்விதான். ஆண்டுக்கணக்கில் அமுங்கித் தட்டையாகி, எண்ணெயில் ஊறிப் பருத்திருக்கும். அளக்க வேண்டியது ரிங் உட்காரும் பள்ளத்தின் ஆழத்தையும் அகலத்தையும். பிறகு ரப்பர் ஆறும்போது சுருங்கும் அளவைக் கூட்டி டை வெட்ட வேண்டும். எந்த எண்ணெயில் வேலை செய்யுமோ அதே எண்ணெயில் ஊறவைத்து, எவ்வளவு பருக்கிறது, கடினம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க வேண்டும். ரப்பர் வெந்த தேதியும் பேட்ச் எண்ணும் பொட்டலத்தில் இருக்க வேண்டும். ரப்பருக்கு ஆயுள் உண்டு.

உயர்வலு எஃகு போல்ட்டுக்குத் துருப்பிடிக்காமலிருக்கக் காட்மியம் பிளேட்டிங் செய்யும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பிளேட்டிங் தொட்டியில் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, அதை எளிதில் உடையக் கூடியதாக்கிவிடும். அதை வெளியேற்ற, தொட்டியிலிருந்து எடுத்த 4 மணி நேரத்துக்குள் சுமார் 190 டிகிரி செல்சியஸ் அடுப்பில் வைத்து, எஃகின் வலுவைப் பொறுத்துப் பல மணி நேரம், சிலவற்றுக்கு 23 மணி நேரமும் அதற்கு மேலும்கூட, சுட வேண்டும். ஷிப்ட் முடிந்துவிட்டது, நாளைக் காலை வைக்கலாம் என்று விட்டால் போல்ட் பார்க்கப் பளபளவென்று இருக்கும், அளவு சரியாக இருக்கும். இறுக்கி ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து, யாரும் தொடாமலே தலை தெறித்துவிடும். அது பறக்கிற விமானத்தில் இருந்தால்? ஆகவே அடுப்பின் வெப்பப் பதிவேடு இல்லாத பட்டறைக்குப் போல்ட் ஆர்டர் கொடுக்க வேண்டாம் என்று நானே சொல்வேன்.

இவ்வளவு கவனத்தோடு செய்தாலும் சிறு பட்டறை ஏன் ஒதுங்குகிறது? ரிங்கின் விலை ஒரு டீ விலை. டை செலவு, ஆய்வகச் சோதனை, முதல் மாதிரி ஆய்வு, விமானத் தகுதிச் சான்று என்று சேர்ந்தால் நூறு ரிங் விற்றாலும் போட்ட முதல் திரும்பி வராது. மீண்டும் சுண்டைக்காய், மீண்டும் சுமைகூலி!

ஆகவே நம் கோரிக்கைகள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஐந்தாண்டுத் தேவையைச் சேர்த்து ஒரே ஆர்டர், ஆண்டுதோறும் பிரித்து விநியோகம். டை, சோதனை, சான்றுச் செலவைப் பாகத்தின் விலையில் கலக்காமல் தனியே தர வேண்டும். மாதிரிக்குப் பயன்படுத்தாத புதிய பாகமும், அது உட்காரும் உறுப்பின் வரைபடமும் தர வேண்டும். 2006-ம் ஆண்டுச் சிறுதொழில் சட்டம் சொல்லும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று ஐந்து ஊர்களைப் பாதுகாப்புத் தொழில் வழித்தடமாக அறிவித்திருக்கிறார்கள். வழித்தடத்தில் பெரிய தொழிற்சாலை வருவது நல்லது. கூடவே வெப்பப் பதனிடலுக்கும் பிளேட்டிங்குக்கும் சான்று பெற்ற பொதுக் கூடம் ஊருக்கு ஒன்று வேண்டும். தனித்தனியே ஒவ்வொருவரும் அந்தச் சான்றை வாங்க வழியில்லை. மாவட்டத் தொழில் மைய அதிகாரிகள் இதை மேலிடத்துக்கு எழுத வேண்டுமென்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

ஆளில்லா விமானமும் ஏற்றுமதியும் மிச்சம் இருக்கின்றன. கல்லூரி முதல்வர் அவர்கள் மாணவர்களுக்காக அந்த இரண்டையும் தனிக் கூட்டமாக வைக்க மனம் வைக்க வேண்டும்.

கடைசியாக முன்வரிசைப் பெரியவர்களிடம் ஒன்று. வாசலில் மேசை போட்டுப் படிவம் வைத்திருக்கிறோம். எந்தப் பாகம் கிடைக்காமல் எந்த வேலை நின்றது என்பதில் வெளியே சொல்லக் கூடியதை மட்டும் எழுதுங்கள்: பாகத்தின் வகை, எந்தப் பொருளால் ஆனது, எந்த எண்ணெயில் அல்லது எந்த வெப்பத்தில் வேலை செய்தது, வழக்கமாக எங்கே முதலில் உடையும். படிவத்தின் கடைசிக் கட்டத்தில் பட்டறைக்காரர்கள் தங்களிடம் உள்ள இயந்திரத்தையும் அது பிடிக்கும் அளவையும் எழுதுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே பட்டியலாக்கி மாத இறுதிக்குள் அனுப்பப் போகிறோம். சாப்பாட்டுக்குப் போகும் முன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.