லேசான சோலார் பந்தலுக்கு ஏன் இவ்வளவு கான்கிரீட்?

அடுத்த கேள்வி. "பஸ் ஸ்டாண்டுல பெரிய சோலார் பந்தல் போடுறோம். பேனல் லேசானதுதானே, ஆனா டிசைன்ல தூணுக்கு ரெண்டு கன மீட்டர் கான்கிரீட் காட்டுறாங்க. குறைக்கலாமா?"ன்னு கேட்டிருக்காங்க.

அவசரப்பட்டுக் குறைச்சுடாதீங்க. பேனல், இரும்பு எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 30 கிலோ வரும்னு வெச்சுக்குவோம். அதைத் தாங்க இவ்வளவு கான்கிரீட் வேண்டியதில்லைதான். பந்தல் காத்துல மேல கிளம்பாம இழுத்துப் பிடிக்கத்தான் அது. நாலு பக்கமும் திறந்திருக்கறதால காத்து அடியில பூந்து தூக்கும். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்துல வீசினா சதுர மீட்டருக்கு சுமார் 120 கிலோ அழுத்தம். அது அப்படியே மேல தூக்குது, ஒரு தூணோட பங்கு 30 சதுர மீட்டர்னா 3,600 கிலோ. பாதுகாப்புக்கு ஒன்றரை மடங்கு, 5,400. சொந்த எடை 900 போனா 4,500. கான்கிரீட் கன மீட்டருக்கு 2,400 கிலோ. ரெண்டு கன மீட்டர் கிட்ட வந்துடுச்சு பாருங்க.

ஃபுட்டிங், அதாவது தூணுக்கு அடியில புதைக்கிற கான்கிரீட் அடித்தளம், அதுக்கு மேல கொட்டுற மண்ணும் எடையில சேரும், அதனால கொஞ்சம் குறைக்க இடமிருக்கு. ஆனா மழைக்காலத்துல நிலத்தடி நீர் ஃபுட்டிங்குக்கு மேல ஏறுச்சுன்னா, தண்ணிக்குள்ள அதே கான்கிரீட் கன மீட்டருக்கு 1,400 கிலோவாத்தான் நிக்கும். மண் பரிசோதனை அறிக்கையில இதை முதல்ல பாருங்க. குறைச்சே ஆகணும்னா நிலத்துல ஆழமாத் துளைச்சுக் கான்கிரீட் தூணாப் போடுற பைல் அஸ்திவாரத்துக்குக் கணக்குப் போடச் சொல்லுங்க. அதுல மண்ணோட உராய்வும் சேர்ந்து பிடிக்கும்.

அஸ்திவாரத்துல காட்டுற அக்கறையை, பேனலை இரும்புச் சட்டத்தோட பிடிக்கிற கிளாம்ப்லயும் காட்டணும். பேனல் டேட்டாஷீட்டுல பின்பக்கம் தாங்குற காத்தழுத்தம் 2,400 பாஸ்கல்னு போட்டிருந்தா, பெரும்பாலும் அது டெஸ்ட் லோடு. ஒன்றரையால வகுத்தா டிசைனுக்குக் கிடைக்கறது 1,600தான், அதாவது சதுர மீட்டருக்கு சுமார் 160 கிலோ. ஓரத்துலயும் மூலையிலயும் இழுவை நடுவுல இருக்கறதை விட ரொம்ப அதிகம். நடு கிளாம்ப் ஒண்ணு ரெண்டு பேனலைச் சேர்த்துப் பிடிக்குது. ஒரு பேனல் பிடுங்கிட்டா பக்கத்துப் பேனலோட பிடியும் போயிடும், அப்புறம் வரிசையே பிரியும். அதனால ஓர வரிசைகள்ல ஃபிரேம் ஓட்டை வழியா போல்ட்டும் போடுங்க. முறுக்கு விசையை அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச் வெச்சு, பேனல் கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்குங்க. கை அழுத்தத்தை நம்பாதீங்க.

கீழ ஜனங்க நிக்கிற இடம், அதனால ரெண்டு பக்கமும் கண்ணாடி உள்ள பேனல் எடுங்க. தலைக்கு மேல பயன்படுத்த அதுக்குச் சான்று இருக்கான்னு கேட்டு வாங்குங்க, எல்லா மாடலுக்கும் இருக்காது.

மழை ஒழுகாம இருக்க பேனல்களுக்கு நடுவுல இருக்கற இடைவெளியில சிலிக்கான் அடைப்பாங்க. வெயில்ல ஃபிரேம் விரிஞ்சு சுருங்கி அது பிஞ்சுடும். சாய்வு இறங்குற திசையில இருக்கற ஒவ்வொரு இணைப்புக்கு அடியிலயும் U வடிவத்துல ஒரு யூ சேனல் ஓட்டி, ஓரத்துல இருக்கற மழைநீர் கால்வாய்ல (gutter) விடுங்க. மணிக்கு 100 மில்லிமீட்டர் மழைன்னா ஒரு தூண் பங்குக்கே நிமிஷத்துக்கு 50 லிட்டர் இறங்கும். குழாய் அளவை அதுக்கு ஏத்த மாதிரி எடுங்க. சாய்வு 5 டிகிரிக்குக் குறைஞ்சா கீழ் ஓரத்துல சேறு படிஞ்சு கடைசி செல் வரிசையை மறைச்சுடும்.

மின்சாரத்துல ஒண்ணு மட்டும் சொல்றேன். 50 வோல்ட் பேனல் 18 தொடரா வந்தா 900 வோல்ட் டிசி. கேபிள் தூணுக்கு உள்ள கண்ட்யூட் குழாய்ல இறங்கணும், இன்வெர்ட்டர் கை எட்டாத உயரத்துல, பூட்டோட இருக்கணும். ஒவ்வொரு தூணுக்கும் எர்த்திங். பேனல் கேபிள்களை இணைக்கிற கனெக்டர் ரெண்டு முனையும் ஒரே கம்பெனியா இருக்கட்டும். மாத்திப் போட்டா பொருந்தின மாதிரி தெரியும், உள்ள சூடாகி உருகும்.