துவைக்கத் தாங்கும் போர்வை

கொடைக்கானல் பண்பலை நேயர்களுக்கு வணக்கம்.

பிறர் கொடுத்த துணியிலும் மிஞ்சிப்போன துண்டுகளிலும் போர்வை தைத்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கிற பெண்களில் நானும் ஒருத்தி. மேலே துண்டு துண்டாக இணைத்த துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத் துணி. மூன்றையும் சேர்த்து நூலோட்டினால் போர்வை. கடைகளில் குவில்ட் என்று பார்த்திருப்பீர்கள்.

மார்கழி, தை மாதங்களில் ஏரிக்கரையிலும் பாம்பார்புரம் பக்கமும் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். மேல்மலையில் மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று போனால் குளிர் எலும்பைத் தொடும். ஆஸ்பத்திரியில் நோயாளிக்காவது கட்டில் உண்டு, துணைக்கு வந்தவர் தரையில்தான் படுக்கிறார். கீழே வத்தலக்குண்டிலிருந்தோ பெரியகுளத்திலிருந்தோ வந்தவர் என்றால் இந்தக் குளிர் அவருக்குப் பழக்கமும் இல்லை.

தைக்க உட்காரும்போது எங்களுக்கு முதலில் வருகிற யோசனை துவையல்தான். வாங்கியவர் இதை எங்கே அலசுவார், எங்கே காயப்போடுவார்? ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வெயிலைப் பார்ப்பதே அரிது. கனத்த போர்வை கொடியிலேயே கிடந்தாலும் உள்ஈரம் போகாது, பூஞ்சை வாடை வந்துவிடும். துவைக்க முடியாத போர்வையை ஒரு குளிர்காலத்துக்குப் பிறகு யாரும் எடுக்க மாட்டார்கள். ஆகவே துணி, பஞ்சு, அளவு எல்லாவற்றையும் இந்தக் கேள்வியை வைத்தே முடிவு செய்கிறோம்.

போடி இலவம் பஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் அதைப் போல் ஒன்று கிடையாது. ஆனால் அதன் இழை வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. தண்ணீரில் முக்கி அலசினால் கட்டி கட்டியாக ஒரு மூலைக்குப் போய்விடும். அதனால் விரிப்பாக வருகிற மெல்லிய பாலியஸ்டர் பஞ்சை வாங்கி, நான்கு அங்குலத்துக்கு ஒரு வரி நூலோட்டி விடுகிறோம். பிழிந்தால் நகராது, சீக்கிரம் உலரும். பஞ்சு வாங்கப் பணமில்லாதபோது பழைய வேட்டியை இரண்டாக மடித்து உள்ளே வைக்கிறோம். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி என்ற சமூகத்துப் பெண்கள் தைக்கிற கவண்ட் போர்வையிலும் பஞ்சு கிடையாது. பழந்துணிக்கு மேல் பழந்துணி வைத்து, ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி நூலோட்டிக்கொண்டே போவார்கள். நான்கு மூலையிலும் சிறு துணிகளை முக்கோணமாக மடித்து, பூ என்று சொல்லி வைப்பார்கள். அந்தப் பூ வைத்தால்தான் போர்வை முடிந்ததாகக் கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது.

சரி, துணிக்கு வருகிறேன். மூட்டையைப் பிரித்ததும் எது பருத்தி என்று பார்க்க ஒரு நூலை உருவிக் கொளுத்துவோம். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கருமணியாகத் திரளும். பனியன் துணியைத் தனியே எடுத்துவிடுவோம். அது இழுத்தால் நீளும், நீளாத துணியோடு சேர்த்தால் தையல் சுருங்கும். அதை வெட்டிப் பின்னினால் நல்ல கால்மிதி கிடைக்கும். பழசாகிப்போன சின்னாளப்பட்டி சுங்குடிப் புடவை வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம், அத்தனை மென்மை. புதுத் துணியை மட்டும் அலசாமல் வெட்டுவதில்லை. சிவப்பும் கருநீலமும் சாயம் விடும், அது மட்டுமில்லாமல் ஒரு துண்டு சுருங்கிப் பக்கத்துத் துண்டு சுருங்காவிட்டால் போர்வை முழுக்கக் கோணிக்கொள்ளும்.

அப்புறம், மிஞ்சிய கட்டங்கள். கட்டம் என்றால், சிறு துண்டுகளை நட்சத்திரம் போல ஏதாவது ஒரு வடிவமாக இணைத்துத் தைத்த சதுரம். குவில்ட் பழகுகிறவர்கள் ஒரு வடிவத்தைக் கற்றுக்கொள்ள நாலைந்து கட்டம் தைப்பார்கள். பிறகு நிறம் பிடிக்காமலோ நேரம் கிடைக்காமலோ அவை பெட்டியில் கிடக்கும். யாரோ பொறுமையாக உட்கார்ந்து செய்த கைவேலை அது, வீணாகக் கூடாது. ஆனால் ஒன்றின் அளவில் இன்னொன்று இருக்காது. 12 அங்குலக் கட்டம் என்பது தைத்து முடித்த அளவு. சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட வேண்டும் என்பதால் கையில் 12½ அங்குலம் இருக்க வேண்டும். வருவதோ 12 இருக்கும், 11¾ இருக்கும், ஒரு பக்கம் சாய்ந்தும் இருக்கும். சின்னதற்குச் சமமாகப் பெரியதை வெட்டினால் அதிலுள்ள நட்சத்திரத்தின் முனை போய்விடும். அதனால் முதலில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு பக்கமும் துணிப் பட்டை வைத்துத் தைத்துவிடுகிறோம். பிறகு அட்டை வைத்து எல்லாவற்றையும் 14½ அங்குலத்துக்கு வெட்டுகிறோம். வெட்டு பட்டையில்தான் விழும், வேலைப்பாடு தப்பிக்கும். எல்லாக் கட்டத்துக்கும் ஒரே நிறப் பட்டை, பெரும்பாலும் கருநீலம். எங்கெங்கிருந்தோ வந்த நிறங்கள் அப்போதுதான் ஒரு போர்வையாகச் சேர்கின்றன.

இதில் கட்டமும் மிச்சம். 12 அங்குலக் கட்டங்களை நெருக்கி வைத்தால், ஒருவர் படுக்கும் கட்டிலுக்கு 5 வரிசையில் ஏழேழாக 35 கட்டம் வேண்டும். பட்டையோடு 14 அங்குலமாக்கினால் 4 வரிசையில் ஆறாறு, 24 போதும். 56க்கு 84 அங்குலம் வரும்.

யாருக்கு என்று கேட்டுவிட்டுத்தான் அளவெடுப்போம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மடியை மூடுகிற அளவு போதும், தொங்கினால் சக்கரத்தில் சிக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையே இருக்கக் கூடாது, மூச்சுக்கு ஆபத்து. பிறந்த குழந்தைக்கு என்று கேட்டால், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது தரையில் விரித்து விளையாட விடுகிற விரிப்பாகத் தைத்துத் தருகிறோம். அதில் பொத்தான், ஜமிக்கி எதுவும் வைப்பதில்லை.

துணி கொடுக்க நினைப்பவர்கள் பருத்திப் புடவை, வேட்டி, தையல்கடைப் பிட்டுகள், பாதியில் நின்ற கட்டங்கள் எதுவானாலும் கொடுங்கள். துவைத்து, நன்றாகக் காயவைத்துக் கொடுங்கள். ஜரிகைப் புடவை வேண்டாம். கிழிந்த இடம் இருந்தால் பரவாயில்லை, அதை விட்டு வெட்டிக்கொள்வோம். ஆவணிக்குள் வந்து சேர்ந்தால் மார்கழிக்கு முன்னால் போர்வையாகிவிடும். எங்கள் முகவரியை நிலையத்தாரிடம் கொடுத்திருக்கிறேன், இந்த உரை முடிந்ததும் அறிவிப்பாளர் வாசிப்பார். வணக்கம்.