படம் எடுக்க ஆள் உண்டு, காட்ட ஆள் வேண்டும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சினிமா படிக்க விருப்பம் என்று சொல்லும் பிள்ளைகளிடம் எதைப் படிக்கப்போகிறீர்கள் என்று கேட்டால், இயக்கம் என்பார்கள். சிலர் கமரா என்பார்கள், சிலர் எடிற்றிங் என்பார்கள். படங்களைத் தேடித் தெரிந்தெடுத்து, ஒரு சபைக்கு ஏற்ற வரிசையில் காட்டும் வேலையைப் படிக்கப்போகிறேன் என்று சொல்கிற பிள்ளையைக் காண்பது மிக அருமை. அதற்கென்றே முதுமாணிப் படிப்பு இருக்கிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. இன்னும் பத்து இயக்குநர்கள் வருவதைவிட, இதைப் படித்த இரண்டு பேர் யாழ்ப்பாணத்துக்கு அவசரமாகத் தேவை என்பது என் எண்ணம்.

லண்டன் பல்கலைக்கழகத்தின் பேர்க்பெக் கல்லூரியில் இந்தப் படிப்பு இருக்கிறது. முழுநேரமாகப் படித்தால் ஒரு வருடம். கோர்டன் சதுக்கத்தில் கல்லூரிக்குச் சொந்தமாக ஒரு திரையரங்கே உண்டு. பீக்கன்ஸ்ஃபீல்டில் இருக்கும் தேசிய திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளி, பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு முதுமாணி நடத்துகிறது. அம்ஸ்ரடாமில் இரண்டு வருடப் படிப்பு. அதில் படம் காட்டுவதோடு பழைய படங்களைப் பாதுகாப்பதும் சேர்ந்தே வரும். எங்கள் நிலைமைக்கு இந்தச் சேர்க்கைதான் மிகவும் பொருந்தும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

படம் காட்டுவதில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 1925 இல் லண்டனில் ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கியது. பொதுமக்களுக்குக் காட்டத் தணிக்கை அனுமதிக்காத 'பொட்டெம்கின் போர்க்கப்பல்' என்ற சோவியத் படத்தை 1929 இல் அந்தச் சங்கம் தன் அங்கத்தவர்களுக்குக் காட்டியது. 1947 இல் சத்யஜித் ராயும் நண்பர்களும் கல்கத்தாவில் சங்கம் தொடங்கியபோது, அவர்கள் முதலில் போட்டதும் அதே படம்தான். ராயின் முதல் படமான 'பதேர் பாஞ்சாலி' வந்தது 1955 இல். எட்டு வருடங்களுக்கு முன்பே அவர் மற்றவர்களுக்குப் படம் போட்டுக் காட்டி, அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நல்ல படம் எடுக்கும் ஊருக்கு முதலில் நல்ல படம் பார்க்கும் சபை வேண்டும் என்று நான் நம்புவது இதை வைத்துத்தான்.

இந்தப் படிப்பில் வரலாற்றோடு நடைமுறையும் உண்டு. ஒரு படத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது, ஒரு காட்சிக்கு எவ்வளவு கட்டணம், துணைத்தலைப்பு யார் செய்வது, சபைக்குக் கொடுக்கும் ஒரு பக்கக் குறிப்பில் எதைச் சொல்லி எதை விடுவது, எல்லாம் வரும். இன்றைக்குத் திரையரங்குக்கு வரும் படம் டிஜிற்றல் கோப்பு. அநேகமாக அது பூட்டித்தான் வரும். அதைத் திறக்கும் சாவியும் இன்னொரு கோப்புத்தான். குறித்த இயந்திரத்தில், குறித்த நாளில், குறித்த மணிக்குள் மட்டும் அது வேலை செய்யும். கடைசி நேரத்தில் மண்டபத்தை மாற்றினால் படம் திறக்காது. சபை கதிரையில் இருக்கும், திரை வெறுமையாக இருக்கும்.

சரி, யாழ்ப்பாணத்தில் ஒரு மாலை நேரத்தை எடுத்துப் பார்ப்போம். எழுபதுகளின் பிற்பகுதியில் தர்மசேன பத்திராஜ இங்கே எடுத்த 'பொன்மணி'யைக் காட்ட நினைக்கிறோம் என்று வையுங்கள். சிங்கள இயக்குநர் ஒருவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர், எங்கள் சாதி வழக்கத்தையும் கலியாணச் சந்தையையும் தமிழில் படமாக்கினார். அதோடு இன்றைய இளைஞர் ஒருவரின் குறும்படத்தையும் சேர்க்கிறோம். எதை முதலில் போடுவது? குறும்படம் முதலில் வந்தால், பழைய படத்தைச் சபை இன்றைய கேள்வியோடு பார்க்கும். பின்னால் போட்டால் அந்த இளைஞருக்குக் களைத்துப்போன சபைதான் கிடைக்கும். கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பாதிப்பேர் எழும்பிவிடுவார்கள். நான் என்றால் குறும்படத்தை முதலில் போட்டு, இரண்டுக்கும் நடுவில் பேச்சு வைக்கமாட்டேன். இடைவேளையில் ஒருவர் மைக்கைப் பிடித்து விளக்கத் தொடங்கினால், சபை தானாகச் சேர்த்துப் பார்க்க வேண்டியதை அவரே சொல்லித் தீர்த்துவிடுவார்.

மண்டபமும் முக்கியம். எங்கள் மண்டபங்கள் காற்றுக்காகக் கட்டப்பட்டவை. சுவரின் மேல்பக்கத் துவாரங்களால் வெளிச்சம் வந்து, படத்தின் இருட்டான காட்சிகளை அப்படியே தின்றுவிடும். 7 மணிக்கு முதல் தொடங்கவே கூடாது. மேலே சுற்றும் மின்விசிறிச் சத்தத்தில் பழைய ஒலிப்பதிவின் மெல்லிய உரையாடல் கேட்காது. முன்வரிசை விசிறிகளை நிறுத்திப் பார்த்து, ஒலிபெருக்கியைப் பின்சுவருக்குக் கொண்டுபோகாமல் பக்கவாட்டில் வைத்து, வெறும் மண்டபத்தில் ஒருமுறை, ஆட்கள் இருக்கும்போது ஒருமுறை கேட்க வேண்டும். ஆட்கள் நிறைந்ததும் ஒலி குறையும். இதெல்லாம் சின்ன விடயம் என்று சொல்பவரிடம் ஒரு சபையை ஒப்படைக்க எனக்கு மனம் வராது.

இனி, பாதுகாப்பதும் சேர்ந்த படிப்பு ஏன் என்று சொல்கிறேன். 1983 யூலைக் கலவரத்தில் கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. அங்கே இருந்த படச்சுருள்களும் அழிந்தன. அவற்றில் சிங்களப் படங்களும் உண்டு. எஞ்சிய பிரதிகள் எங்கே, யாரிடம், எந்த நிலைமையில் என்று தேடுவதும் படம் தெரிந்தெடுப்பவரின் வேலைதான். பழைய படச்சுருள் பெட்டியைத் திறக்கும்போது வினாகிரி மணம் அடித்தால், அது கெடத் தொடங்கிவிட்டது. எங்கள் வெக்கையும் ஈரக்காற்றும் அதை இன்னும் விரைவாக்கும். போர்க்காலத்தில் இங்கே எடுக்கப்பட்டவை பெரும்பாலும் வீடியோ நாடாக்களில் இருக்கின்றன. நாடாவுக்கும் ஆயுள் உண்டு; அதைப் போட்டுப் பார்க்கும் இயந்திரங்களும் அருகிவருகின்றன. எழுத்துக்கு, எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் சேர்த்து வைக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளம் 2005 இலிருந்து பெரிய வேலை செய்திருக்கிறது. அசையும் படத்துக்கும் அந்த அளவு உழைப்பு வேண்டும். வீட்டு அலுமாரியில் பழைய கலியாண வீடியோவோ, ஊர் நாடகம் பதிந்த கசெற்றோ இருந்தால், தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.

2015 இலிருந்து யாழ்ப்பாணச் சர்வதேச சினிமா விழா நடந்து வந்திருக்கிறது. வேறு மொழிப் படங்களைப் பார்த்துக் கேள்வி கேட்கும் சபை இங்கே உண்டு என்று அது காட்டியது. விழா வருடத்தில் சில நாள்தான். மற்ற மாதங்களுக்கு எங்கள் வாசிகசாலைகள் இருக்கின்றன. வெள்ளைச் சுவர், ஐம்பது கதிரை, ஒரு புரொஜெக்ரர். மாதத்தில் ஒரு சனிக்கிழமையைக் கேட்டு வாங்குங்கள். உரிமையாளருக்கு எழுதி அனுமதி பெறுங்கள். குறிப்பு எழுதுங்கள். வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று பதிந்து வையுங்கள். இந்தப் படிப்புக்கான விண்ணப்பத்தில் "சினிமா என் உயிர்" என்று எழுதுவதைவிட, இந்தப் படங்களை இந்த வரிசையில் இன்ன காரணத்துக்காகக் காட்டினேன் என்று எழுதுவது எவ்வளவோ பலமானது.

பணம்தான் பெரிய தடை. பிரித்தானியாவுக்குப் போக விரும்புபவர்கள் அந்த நாட்டு அரசு கொடுக்கும் செவனிங் புலமைப்பரிசிலைப் பாருங்கள். இலங்கையர் விண்ணப்பிக்கலாம். குறைந்தது 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள். இரண்டு வருட வேலைக்குச் சமம். சம்பளமில்லாத தொண்டு வேலையையும் கணக்கில் எடுப்பார்கள், அதனால் வாசிகசாலையில் செய்த ஒவ்வொரு மணித்தியாலத்தையும் எழுதி வையுங்கள். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. அந்த இரண்டு வருடத்துக்கு இங்கே வேலை காத்திருக்கிறது. வணக்கம்.