ஆடு மேய்த்த மைக்கேல்

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கில ரொமான்டிக் இயக்கக் கவிதையின் சோக நாயகன் என்றதும் பைரனின் மான்ஃபிரெட்தான் பலருக்கும் நினைவுக்கு வருவான். ஆல்ப்ஸ் மலையில், வாய்விட்டுச் சொல்லாத ஒரு குற்றத்துக்காக மூன்று அங்கமும் பேசித் தீர்ப்பான். 1817-இல் வந்த நாடகக் கவிதை அது. எனக்கென்னவோ அவன்மேல் பெரிய பரிவு வந்ததில்லை.

அதற்கு முன்பே, 1800-இல், கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் ‘மைக்கேல்’ என்ற கவிதையில் வேறொரு ஆணைப் படைத்திருந்தார். மைக்கேல், வட இங்கிலாந்தின் கிராஸ்மியர் பகுதி மலைகளில் ஆடு மேய்க்கும் கிழவர். வயது போன பிறகு பிறந்த ஒரே மகன் லூக். பெண்கள்தான் செய்வார்கள் என்றிருந்த குழந்தை வேலைகளை அந்தத் தகப்பனே செய்தார், தொட்டிலும் ஆட்டினார் என்கிறது கவிதை. கொஞ்சி விளையாடுவதோடு எழுந்து போகிற அப்பா இல்லை. (தாய் இசபெல்லுக்குக் கவிஞர் இவ்வளவு இடம் தரவில்லை என்பது என் குறை.)

உடன்பிறந்தவரின் மகனுக்கு ஜாமீன் நின்றதில் சிக்கல் வருகிறது. சொத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான தொகையைக் கட்ட வேண்டும். நிலத்தில் கொஞ்சம் விற்றிருக்கலாம். ஆனால் நாற்பது வயதுவரை அதில் பாதிதான் அவருடையது. மீதியை உழைத்து மீட்டவர். அது அந்நியன் கைக்குப் போனால் குழியில்கூடத் தனக்கு நிம்மதி இராது என்கிறார். 18 வயது மகனைச் சம்பாதிக்க நகரத்துக்கு அனுப்புகிறார். அவரை வீழ்த்துவது விதியோ வில்லனோ அல்ல, இந்தக் கணக்குத்தான். நிலத்தையும் மகனையும் சேர்த்தே காப்பாற்றப் பார்த்தார், இரண்டுமே போயின.

லூக் கெட்டழிந்து கடல் கடந்து ஓடியதைக் கவிதை ஏறக்குறைய ஆறே வரியில் முடித்துவிடுகிறது. அதன்பின் மைக்கேல் ஒரு வார்த்தைகூடப் புலம்புவதில்லை. மகன் கிளம்புமுன் அவன் கையாலேயே முதல் கல் வைத்த ஆட்டுப்பட்டிக்கு அவ்வப்போது போவார். பல நாள் ஒரு கல்லைக்கூட எடுத்து வைத்ததில்லை என்று ஊரார் நம்பினார்கள். மான்ஃபிரெட்டின் அத்தனை வசனமும் இந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

1801 ஜனவரியில் வேர்ட்ஸ்வொர்த், இந்தக் கவிதை இடம்பெற்ற ‘லிரிக்கல் பேலட்ஸ்’ தொகுப்பை, பிரிட்டிஷ் அரசியல் தலைவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுக்கு அனுப்பினார். சிறு நிலவுடைமைக் குடும்பங்களின் பாசப் பிணைப்பு அழிந்துவருகிறது, அதைத்தான் இந்தக் கவிதையில் காட்டினேன் என்று கடிதமும் எழுதினார். ஃபாக்ஸ் மரியாதையாகவே பதில் போட்டார்: எளிய விஷயங்களுக்கு எதுகையில்லாத இந்த யாப்பு தமக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லையாம்!