பாட்டிக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரிந்தபோது

எல்லாருக்கும் வணக்கம். விடுமுறைக்குச் சுங்கை சிப்புட் திரும்பியிருக்கும் மருத்துவ மாணவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள், உங்களிடம்தான் முதலில் பேச வேண்டும். கண்புரை அறுவையைப் பற்றிக் கேட்டால் மளமளவென்று சொல்வீர்கள்: 1967இல் சார்ல்ஸ் கெல்மன் தொடங்கிய முறை, அல்ட்ராசவுண்ட் அதிர்வில் கண்ணுக்குள் மங்கிப்போன லென்ஸை உடைத்து உறிஞ்சுவது, இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெட்டு, மடித்து உள்ளே வைக்கும் செயற்கை லென்ஸ். சரி. ஆனால் வீட்டில் பாட்டி, "புரை முத்தட்டும்யா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றால்?

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஒருநாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேப்பர் படித்தார். "கண்ணு திரும்பிடுச்சுய்யா" என்றார். வீடே சந்தோஷப்பட்டது, மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நானும்தான். புரையில் லென்ஸின் நடுப்பகுதி கெட்டிப்பட்டால் கிட்டப்பார்வை கூடும், அதனால் பக்கத்து எழுத்து கொஞ்ச காலம் தெளிவாகத் தெரியும் என்று புத்தகத்தில் கோடு போட்டு வைத்திருந்தேன். பாட்டி பேப்பரும் கையுமாக எதிரில் உட்கார்ந்திருந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. அடுத்த வருஷம் எதிரே வரும் மோட்டார் விளக்கு சிதறித் தெரிகிறது என்றார், காப்பியை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். ஒரு கிளினிக்கில் காட்டினோம், இன்னும் முற்றவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

லென்ஸை முழுசாக வெளியே எடுத்த காலத்தில் அப்படிக் காத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. இப்போது இல்லை. முற்றிய லென்ஸை உடைக்க அதிர்வு அதிகம் வேண்டும், கருவிழிக்குத்தான் அதனால் பாதிப்பு. அதையும் தாண்டி விட்டுவிட்டால் புரை கரைந்து கசிந்து, கண் அழுத்தம் ஏறி, சிவந்து வலித்துப் பார்வையே போய்விடலாம். அன்றாட வேலைக்கு மங்கல் இடைஞ்சலாகிவிட்டதா, அதுதான் கேள்வி. சொட்டு மருந்து புரையைக் கரைக்காது, இதையும் பாட்டிமார்களிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. இனிப்புநீர், அதாவது நீரிழிவு, உள்ளவர்களுக்குப் புரை சீக்கிரம் வரும், ஆனால் அவர்களுடைய மங்கல் எல்லாமே புரை ஆகிவிடாது, விழித்திரை கெட்டிருந்தால் லென்ஸை மாற்றியும் பார்வை முழுசாகத் திரும்பாது. டார்ச் அடித்துப் பாருங்கள். புரை மட்டும் இருக்கும் கண்ணில் கண்பாப்பா நன்றாகவே சுருங்கும். சுருங்கவில்லை என்றால் வேறெதையோ தேட வேண்டும்.

கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் கருவி, ஆஃப்தால்மாஸ்கோப், இரண்டு கொண்டுவந்திருக்கிறேன். அண்ணன், மண்டப விளக்கை அணையுங்கள். தம்பி, நீங்க ஒரு கை தூரத்தில் நின்று அந்த அம்மாவின் கண்ணைப் பாருங்கள். சிவப்பாக ஒளிருதா, நடுவில் புரையின் கருநிழல் விழுதா?