படத்துக்குக் கீழே யார் பெயர்?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உங்கள் வீட்டுப் பழைய போட்டோ அல்பத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தா கதிரையில் இருப்பார், அப்பம்மா பக்கத்தில் நிற்பார். படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டால் வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அதை எடுத்தது யார்? அதை நாங்கள் கேட்பதே இல்லை. நான் பல வருடமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எடுத்தது ஒரு பெண் என்றால், அந்தப் பெயர் எங்கே போனது?

இங்கிலாந்தில் ஆனா அட்கின்ஸ் என்று ஒரு பெண். தாவரங்களைப் பற்றி நன்றாக அறிந்தவர். கடல்பாசிகளைச் சேகரித்து, 1843 ஒக்டோபரில் தொடங்கிப் பத்து வருடம் பகுதி பகுதியாக ஒரு புத்தகம் வெளியிட்டார். புகைப்படங்களால் ஆன முதல் புத்தகம் அதுதான் என்கிறார்கள். கமராவே இல்லை. இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளில் பாசியை வைத்து, மேலே கண்ணாடியை அழுத்தி, வெயிலில் காட்டிவிட்டு வெறும் தண்ணீரில் கழுவுவார். பாசி இருந்த இடம் வெள்ளையாக, மற்ற இடமெல்லாம் கடும் நீலமாக நிற்கும். முன்பு வீடு கட்டுகிறவர்கள் கையில் நீல நிற பிளான் இருக்குமே, அது வந்ததும் இந்த முறையில்தான். கண்டுபிடித்தவர் ஜோன் ஹேர்ஷல் என்ற விஞ்ஞானி, 1842இல். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், மறுபடியும் வருவார்.

அட்கின்ஸ் அந்தப் புத்தகத்தின் முன்னுரையில் ஏ.ஏ. என்று இரண்டு எழுத்து மட்டும்தான் போட்டார். பிற்காலத்தில் அதைப் பார்த்த ஒருவர், அது 'அநொனிமஸ் அமெச்சர்', அதாவது யாரோ பெயர் தெரியாத பொழுதுபோக்குக்காரர் என்று பொருள் சொல்லிவிட்டார்! இத்தனைக்கும் அந்தப் புத்தகத்தின் எழுத்தெல்லாம் அட்கின்ஸ் தன் கையாலேயே எழுதியது.

சரி, இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தவருக்கு வருகிறேன். பிரித்தானியர் இலங்கையின் ஆட்சிமுறையை மாற்றிய கோல்புறூக் - கமரன் சீர்திருத்தம், 1833. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். அந்தச் சார்ள்ஸ் கமரனின் மனைவி ஜூலியா மார்கரெட் கமரன். பாடப்புத்தகத்தில் கணவர் இருக்கிறார். ஆனால் இன்று உலகத்து நூதனசாலைகள் தேடித் தேடி வைத்திருப்பது மனைவி எடுத்த படங்களை.

ஜூலியா 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். ஆறு பிள்ளைகளைப் பெற்றவர், இன்னும் சிலரை எடுத்து வளர்த்தவர். 1863 முடிகிற நேரம், 48 வயதில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். 48 வயதில்! கோழிக்கூட்டை ஸ்டூடியோ ஆக்கினார், நிலக்கரி போட்டு வைத்த அறையை இருட்டறை ஆக்கினார். சில வாரத்தில் ஆனி என்ற சிறுமியின் படம் சரியாக வந்துவிட்டது. என் முதல் வெற்றி என்று அதன் கீழே எழுதினார்.

அந்தக் காலத்தில் படம் எடுப்பது என்ன பாடு என்று சொல்ல வேண்டும். ஒரு கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையை ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடவிட்டு, இருட்டறையில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்த வேண்டும். காய்வதற்கு முன்னே கமராவில் வைத்து, படம் எடுத்து, ஓடிவந்து கழுவிவிட வேண்டும். காய்ந்தால் போச்சு. விரலெல்லாம் கறுத்துப்போகும். எதிரில் இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். வந்து உட்கார்ந்தவர்கள் யார்? கவிஞர் டெனிசன், டார்வின், அப்புறம் நான் சொன்ன அதே ஹேர்ஷல். 1867இல் ஹேர்ஷலின் வெள்ளை முடியைக் கழுவச் சொல்லி, கலைத்துவிட்டு எடுத்த படத்தைப் பார்த்தால் இருட்டிலிருந்து ஒரு முகம் எழுந்து வருகிற மாதிரி இருக்கும்.

படம் தெளிவில்லை, விரல் அடையாளம் இருக்கிறது என்று பத்திரிகைகள் பரிகசித்தன. ஜூலியா மாற்றிக்கொள்ளவில்லை. படங்களைத் தன் பெயரில் பதிவு செய்து உரிமை வாங்கி வைத்தார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இங்கிலாந்தில் ஜூலியா இருந்த வீட்டின் பெயர் திம்போலா. எங்கள் மலையகத்துத் திம்புள்ளதான்! கமரன் குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இருவரும் இலங்கைக்கே வந்துவிட்டார்கள். களுத்துறையில் 1877இல் ஓவியர் மரியான் நோர்த் விருந்தாளியாக வந்தார். ஜூலியா அவருக்குக் கம்பளிச் சால்வையைப் போர்த்தி, முடியை அவிழ்த்துவிட்டு, தென்னோலை தலையில் குத்த நடுமதிய வெயிலில் நிற்கவைத்து, இயல்பாக இருங்கள் என்றாராம். வெப்பமானி 96 பாகை பரனைட் காட்டியது என்று நோர்த் எழுதியிருக்கிறார்.

ஒன்று மட்டும் என் மனதை உறுத்துகிறது. பெரிய மனிதர்களின் பெயர் படங்களில் இருக்கிறது. வீட்டு வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியரின் பெயர்கூட நமக்குத் தெரியும். ஆனால் இலங்கையில் எடுத்த படங்களில் இருப்பவர்கள் களுத்துறைக் கிராமத்தவர், ஒரு பெண், அவ்வளவுதான். மலையில் கோப்பி பறித்தவர்கள் எங்கள் முன்னோர். அவர்களில் யாராவது அந்தக் கமராவுக்கு முன் நின்றார்களா? தன் பெயருக்காக அவ்வளவு போராடியவர் இவர்களின் பெயரையும் எழுதியிருக்கலாம். ஜூலியா 1879இல் டிக்கோயாப் பக்கம் காலமானார். போகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒருமுறை இறங்கிப் பாருங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஹோமாய் வியாரவாலாவைச் சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் வெளிவந்தன. சேலை கட்டிக்கொண்டு, சைக்கிளில் கமராவோடு டில்லி முழுக்கச் சுற்றினார். மவுண்ட்பேட்டன் விடைபெற்றது, காந்தியின் இறுதி ஊர்வலம், எல்லாம் அவர் கமராவில் இருக்கிறது. 1970இல் எடுப்பதை நிறுத்தினார். பத்ம விபூஷண் கிடைத்தது 2011இல்.

ஹைதராபாத்தில் 1892இல் பெண்களுக்கென்றே தனியாகத் திறந்த ஸ்டூடியோவைப் பற்றியும், அதை நடத்திய கென்னி-லெவிக் அம்மையாரைப் பற்றியும் குறித்துக்கொண்டு வந்தேன். மறுபடி அழைத்தால் அங்கிருந்தே தொடங்குகிறேன். வணக்கம்.