திமிர் என்று சொல்வதற்கு முன்

அனைவருக்கும் வணக்கம்.

சின்ன விஷயத்துக்கெல்லாம் வெடிக்கும் பிள்ளையைத் திமிர் பிடித்தவன் என்கிறோம். எது நடந்தாலும் முகத்தில் சலனமே காட்டாத பிள்ளையை அடக்கமானவள் என்று மெச்சுகிறோம். இருவரும் ஒரே மாதிரியான காயத்தோடு வளர்ந்தவர்களாக இருக்கலாம்.

தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ள எந்தக் குழந்தையும் கற்றுக்கொண்டு பிறப்பதில்லை. அழுகிறது, யாரோ தூக்குகிறார்கள், தட்டிக்கொடுக்கிறார்கள், மூச்சு சீராகிறது. இது திரும்பத் திரும்ப நடந்த பிறகுதான் அந்த அமைதி குழந்தைக்குச் சொந்தமாகிறது. உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் 1970களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், சில நிமிடம் மட்டும் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் உட்கார வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கை நீட்டுகிறது. பலன் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அழுகிறது. தாய் மறுபடி சிரித்ததும் மெல்ல மெல்லத் தேறுகிறது. சரி, அந்த முகம் வருடக்கணக்கில் திரும்பி வராவிட்டால்? அந்த முகமே அடிக்கிற முகமாக இருந்தால்?

அப்போது மூளை ஆபத்தை எதிர்பார்த்தே பழகிவிடுகிறது. அச்சத்தை உணர்த்தும் மூளைப் பகுதியான அமிக்டலா, கதவு சாத்தும் சத்தத்துக்கே பதறுகிறது. அதை நிதானப்படுத்த வேண்டிய, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி முழுதாக முதிர்வதோ இருபதுகளின் நடுவில்தான். அந்தப் பதற்றத்தில் பிள்ளை கத்துகிறான், பொருளை எறிகிறான். உடனே அடி விழுகிறது, வகுப்பிலிருந்து வெளியே அனுப்புகிறார்கள், நண்பர்கள் விலகுகிறார்கள். பழைய காயம் கோபமாக வெளியே வருகிறது, அந்தக் கோபமே புதிய காயத்தைக் கொண்டுவருகிறது. இந்தச் சுழலில் பிள்ளையை மட்டும் குற்றவாளி ஆக்குவது அநியாயம் என்பேன்.

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் இதில் இன்னொன்றையும் சேர்த்தார். சிலர் இயல்பாகவே உணர்ச்சி மிகுந்தவர்களாகப் பிறக்கிறார்கள். "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று அவர்களைச் சுற்றியிருப்பவர்கள் ஓயாமல் மட்டம் தட்டினால், தனக்குள் என்ன நடக்கிறது என்பதையே அவர்களால் நம்ப முடியாமல் போகிறது. லினஹனே இளம்வயதில் மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருந்தவர். 2011இல் அதை வெளிப்படையாகச் சொன்னார். உணர்ச்சியைக் கையாள்வதை ஒரு திறனாகவே, படிப்படியாக, பெரியவர்களுக்குக் கற்றுத்தரும் சிகிச்சையை உருவாக்கியவரும் அவரே. இந்தச் செய்தி எனக்குப் பெரிய ஆறுதல். சிறுவயதில் கிடைக்காததைப் பிறகும் கற்க முடிகிறது!

பிள்ளை நடுங்கிக் கத்தும் நேரத்தில் புத்திமதி காதில் ஏறாது. முதலில் உங்கள் குரலைத் தாழ்த்துங்கள், பக்கத்தில் உட்காருங்கள். "பயந்துட்டியா?" என்று கேளுங்கள். உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது அதன் வேகம் கொஞ்சம் தணிகிறது. நியாய அநியாயம் அப்புறம். நீங்களே கத்திவிட்டால், போய் மன்னிப்புக் கேளுங்கள். அதைச் செய்யும் பெரியவரை அந்தப் பிள்ளை அதுவரை பார்த்திருக்கவே மாட்டான்.

வகுப்பில் நாற்பது பேர் இருக்கும்போது இது எப்படி முடியும் என்று ஆசிரியர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அதை இப்போது எடுத்துக்கொள்வோம்.